எடுத்தாலே காசு

சிங்கப்பூரில் முஸ்தபா கடையில் பில் போட வரிசையில் நிற்கிறேன், ஊரிலிருந்து போன். அம்மாவுக்கு என்னவோ என்று பதறி எடுத்தால், "சார், பர்சனல் லோன் வேணுமா?" வேண்டாம் என்று சொல்லி வைப்பதற்குள் ஒரு நிமிடம் தாண்டிவிட்டது. ஊர் சிம்முக்கு ரோமிங் கட்டணம் என்று இரண்டு நிமிடத்துக்குக் காசு பிடித்துவிட்டார்கள்.

டேட்டா ரோமிங்கை விமானம் ஏறும் முன்பே அணைத்திருந்தேனே! அது இணையத்துக்கு மட்டும்தான், அழைப்பைத் தடுக்காது. ஊரில் 2003-லிருந்து வரும் அழைப்புக்குக் காசு கிடையாது. அந்தப் பழக்கத்தில் கை தானாகப் பச்சைப் பொத்தானுக்குப் போகிறது. கூப்பிட்டவர் உள்ளூர்க் கட்டணம்தான் தருகிறார். கடல் தாண்டும் செலவு முழுக்க நம் தலையில். நிமிடத்துக்கு இவ்வளவு என்று மணி அடிக்கும்போதே திரையில் காட்டினால் என்ன?

ஓடிபி வரவேண்டுமே, சிம்மைக் கழற்றவும் முடியாது. சரி, அம்மாவை வாட்ஸ்அப்பில் மட்டும் கூப்பிடச் சொல்லிவிட்டேன்.