செட்டித் தெருவில் உட்கார ஒரு திண்ணை இல்லை

ஒரு தேநீர். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நேற்று மதியம் 12.15க்கு, சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸில் இருக்கும் அலுவலகத்தின் 27ஆம் மாடியிலிருந்து கிளம்பினேன். தேநீரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தபோது 12.53. கடை ஒன்றும் ஜூரோங்கில் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரம்தான்.

மின்தூக்கிக்கு ஏழு நிமிடம். கட்டடம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் பசிக்கிறது, அதற்கு யார் என்ன செய்வது? போகட்டும். கீழே இறங்கினால், முந்தாநாள் வரை நான் நடந்து போன சந்துப் பாதையை மறித்துத் தகரத் தடுப்பு. ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று நான்கு மொழியிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். வருத்தத்துக்கு நான்கு மொழி கிடைத்திருக்கிறது, எந்தப் பக்கம் சுற்றிப் போவது என்று காட்ட ஓர் அம்புக்குறி கிடைக்கவில்லை. சுற்றினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

அந்தத் தடுப்பின் மேல் என்ன ஒட்டியிருக்கிறார்கள் தெரியுமா? ஆளுயரத்துக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு மாடிக் கடைவீடுகள், ஒரு ரிக்‌ஷா, தூணில் சாய்ந்தபடி மேல்துண்டோடு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். இடித்த கையோடு, இடித்ததன் படத்தைப் பெரிதாக்கி ஒட்டுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! படத்தில் இருக்கிறவர் நனையாமல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே மழையில் நின்றேன்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பெயர் அஞ்சடி. 1822இல், இந்த நகரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் நகர்த் திட்டம் போட்டபோது, தெருவைப் பார்த்த ஒவ்வொரு கடைவீடும் தன் முன்னால் கூரை போட்ட நடைவழி விட வேண்டும் என்று விதித்தார். ஐந்தடி அகலம் என்பதால் நம் ஆட்களுக்கு அது அஞ்சடி. ஒரு கடையின் அஞ்சடி அடுத்த கடையின் அஞ்சடியோடு ஒட்டிக்கொண்டே போகும். தெருமுனை வரை தலை நனையாமல் போகலாம். அங்கேயே செருப்புத் தைப்பவர் இருப்பார், சில்லறை மாற்றுபவர் இருப்பார், ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பவரும் இருப்பார். இன்றைக்கு ஒவ்வொரு கோபுரமும் தனக்கென்று ஒரு கண்ணாடிக் கூரையை மூன்று மாடி உயரத்தில் நீட்டி வைத்திருக்கிறது. படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும். மழை சாய்வாக அடிக்கும் என்பது மட்டும் வரைந்தவருக்குத் தெரியவில்லை. ஒரு கோபுரத்தின் கூரை முடிந்து அடுத்ததன் கூரை தொடங்குவதற்குள் பத்துப் பதினைந்து அடி வெட்டவெளி. இருநூறு வருடத்துக்கு முன்னால் யோசித்த ஒன்றை, முந்நூறு மீட்டர் உயரத்துக்குக் கட்டத் தெரிந்தவர்களால் யோசிக்க முடியவில்லையா?

என் தாத்தா மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு கிட்டங்கியில் சமையல்காரராக இருந்தார். நம்மவர்களுக்கு அந்தத் தெரு செட்டித் தெரு. கிட்டங்கி என்றால் செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய இடம். நீளமான கூடம், தரையோடு தரையாக வரிசையாகச் சிறிய மேசைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு வட்டிக்கடை, அதற்கு ஒரு முகவர், ஓர் அடுத்தாள், ஒரு பெட்டியடிப் பையன். பகலில் கணக்கு எழுதிய அதே இடத்தில்தான் இரவில் பாயை விரிப்பார்கள். எந்தப் பெட்டிக்காரருக்கு ரசம் காரமாக இருக்க வேண்டும், எவருக்குக் கூடாது என்பதெல்லாம் தாத்தாவுக்குக் கடைசிவரை நினைவிருந்தது. என் பெயரைத்தான் அடிக்கடி மறந்துவிடுவார்.

அந்தக் கூடங்களை நினைத்துக் கண்ணீர் விடுகிறவன் அல்ல நான். இருபது பேர் ஒரே கூடத்தில் புழுங்கிக்கொண்டு படுத்தார்கள். அங்கே கடன் வாங்கியவர்களைக் கேட்டால் வட்டியைப் பற்றி வேறு கதை சொல்வார்கள். பழைய கடைவீடுகளில் சுகாதாரம் எப்படி இருந்தது என்பதும் தெரிந்த கதைதான். 1947இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வாடகை உறைந்து கிடந்தது, சொந்தக்காரர்கள் பழுது பார்க்கவில்லை. 1970இல் இந்தப் பகுதிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். வரைபடத்தில் பார்த்தால் காலணி வடிவம், நிலமோ தங்க விலை. எனவே ‘கோல்டன் ஷூ’, தங்கக் காலணி என்று பெயர். பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி. அந்தக் காலணி மிதித்துக்கொண்டு போனதில் கிட்டங்கிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

பக்கத்தில் சேஞ்ச் ஆலி என்று ஒரு சந்து இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்ப வேண்டும். மாலுமிகளும் சுற்றுலாப் பயணிகளும் நாணயம் மாற்றும் நம் முஸ்லிம் பெரியவர்களும் பேரம் பேசுகிற சத்தத்தில் காது அடைத்துப் போகும். 1989இல் மூடினார்கள். இப்போது அந்தப் பெயரை ஒரு குளிரூட்டிய நடைக்கூடத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் இதுதான் வழக்கம். ஆளை வெளியே அனுப்பிவிட்டுப் பெயரை மட்டும் வாசலில் நிறுத்திக்கொள்வார்கள்.

சரி, அந்தக் காலத்துக் கதையை விடுவோம். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அதே மார்க்கெட் ஸ்திரீட்டில் கோல்டன் ஷூ வாகன நிறுத்துமிடம் என்று பத்து மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. 1984இல் திறந்தது. அழகு என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உள்ளே உணவங்காடி நிலையம் இருந்தது. வங்கி மேலாளரும் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற ஊழியரும் ஒரே மேசையில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் வைத்து இடம் பிடித்துச் சாப்பிட்டார்கள். 2017இல் மூடினார்கள். கடைக்காரர்கள் கிராஸ் ஸ்திரீட் பக்கம் தற்காலிகக் கொட்டகைக்குப் போனார்கள். நான்கைந்து வருடம் கழித்து அந்த இடத்தில் 51 மாடி, 280 மீட்டர் உயரத்தில் கேப்பிட்டாஸ்பிரிங் நிற்கிறது. உணவங்காடியைத் துரத்திவிட்டார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். 2, 3ஆம் தளங்களில் 56 கடைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். 17ஆம் மாடியிலிருந்து நான்கு மாடிக்குத் தோட்டம், உச்சியில் இன்னொரு தோட்டம். மற்ற கோபுரங்களோடு ஒப்பிட்டால் இதற்குக் கைதட்டத்தான் வேண்டும்.

ஆனாலும் எனக்கு வயிறு எரிகிறது. சோறு மாடிக்குப் போய்விட்டது, செடி அதற்கும் மேலே போய்விட்டது, தெருவில் மிச்சம் என்ன? கண்ணாடி, பளிங்கு, சுழல் கதவு, வரவேற்பு மேசை, வாகனங்கள் கீழ்த்தளத்துக்கு இறங்குகிற சரிவு. இந்த வட்டாரத்தில் ஒரு தெரு முழுக்க நடந்து பாருங்கள். கையை நீட்டி எதையாவது வாங்கும்படி ஒரு திறப்பு இருக்கிறதா? எத்தனை மாடி வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து முதல் பத்தடியை நடந்து போகிறவனுக்கு விடுங்கள் என்பதுதான் என் வழக்கு.

நேற்றைய கதை இன்னும் முடியவில்லை. தேநீரை வாங்கினேன். மேசை ஒன்றும் காலியில்லை. கீழே இறங்கி, ஒரு கோபுரத்தின் முகப்பில் செடி வளர்க்கும் தொட்டியின் கல் விளிம்பில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் விளிம்பில் முழத்துக்கு ஒன்றாக எஃகுக் குமிழ்கள் பதித்திருப்பது உறைத்தது. எங்கே உறைத்தது என்று கேட்காதீர்கள். சற்று நகர்ந்து இரண்டு குமிழ்களுக்கு நடுவே இடம் கண்டுபிடித்தேன். இரண்டு வாய் குடித்திருப்பேன், காவலாளி வந்துவிட்டார். நம் ஆள்தான், எழுபதை நெருங்கும் வயது.

“தம்பி, இங்கே உட்காரக் கூடாது.”

“அண்ணே, மழைக்காக இரண்டு நிமிடம்.”

“தெரிகிறது தம்பி. மேலே கேமரா இருக்கிறது. என்னைத்தான் கேட்பார்கள்.”

அவர் குரலில் அதிகாரம் துளியும் இல்லை. அதுதான் என்னை எழுப்பிவிட்டது. எழுந்து நின்ற பிறகு கவனித்தேன், அவருக்கும் நாற்காலி கிடையாது. காலை ஏழிலிருந்து நிற்கிறாராம். இடது காலின் பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தி விட்டிருந்தார், கணுக்கால் வீங்கி வழிந்தது. அந்தக் கட்டடத்தின் வாசலில் பசுமைக் கட்டட விருதுக்கான தகடு மினுங்குகிறது.

‘இடப்பற்றாக்குறை, சின்னத் தீவு, உயரமாகக் கட்டாமல் என்ன செய்வது’ என்று உடனே சிலர் கிளம்புவார்கள். இந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டேன், ஐயா. ஷென்டன் வேயில் 1986இல் கட்டிய 52 மாடிக் கோபுரம் ஒன்றைச் சில வருடங்களுக்கு முன்னால் உடைத்துத் தரைமட்டமாக்கினார்களே, அது என்ன குடிசையா? நாற்பது வயதுகூட ஆகவில்லை. அந்த இடத்தில் இப்போது 305 மீட்டருக்கு ஒன்று எழுகிறது. இப்படி இடித்துக் கட்டுவதற்கென்றே 2019இல் அரசாங்கம் ஒரு திட்டமும் போட்டுவிட்டது. ராபின்சன் ரோடு, செசில் ஸ்திரீட், ஆன்சன், தஞ்சோங் பகார் பக்கமெல்லாம் 20 வயதைத் தாண்டிய அலுவலகக் கட்டடத்தை இடித்து, வீடு, ஹோட்டல் என்று கலந்து கட்டினால் 25 முதல் 30 விழுக்காடு வரை கூடுதல் தளப்பரப்பு. இரவில் வெறிச்சோடும் வட்டாரத்துக்கு ஆள் வரவேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் 20 வயதில் ஒரு கட்டடம் கிழடாகிவிடுகிற ஊரில் தகரத் தடுப்பு எப்போது இறங்கும்? ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது ஏறுகிறது. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து 22 வருடம். தடுப்பு இல்லாத ராஃபிள்ஸ் பிளேஸை ஒருநாள்கூடப் பார்த்த நினைவில்லை.

காப்பாற்றத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1894இன் தெலுக் ஆயர் சந்தை, அதுதான் லாவ் பா சாட், பெருவிரைவு ரயில் பாதை தோண்டும்போது அதன் இரும்பைக் கழற்றி எடுத்து வைத்து, பிறகு அப்படியே திரும்பப் பூட்டினார்கள். இன்றும் கோபுரங்களுக்கு நடுவே எண்கோணமாக நிற்கிறது. நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்தும் நேராக உள்ளே நுழையலாம், காவலாளி வேண்டாம், சுழல் கதவு வேண்டாம். மதியம் அங்கே கூட்டம் நெருக்கித் தள்ளுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தது. உள்ளே ஏழெட்டுப் பேர், மஞ்சள் தலைக்கவசத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்னால் கட்டிக் கொடுத்த சோறு, மதியத்துக்குள் அது என்ன நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேச்சைக் கேட்டால் சிவகங்கைப் பக்கம். ஒரு காலத்தில் அந்தச் சீமையிலிருந்துதான் செட்டியார்கள் பெட்டியோடு வந்து இந்தத் தெருவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஏழெட்டுப் பேரும் ஐம்பதாவது மாடி வரை கட்டுவார்கள். கட்டி முடித்த மறுநாள் அவர்களில் ஒருவர் அந்தத் தொட்டி விளிம்பில் வந்து உட்கார்ந்தால், அதே பெரியவர் வந்து எழுப்பித்தான் ஆக வேண்டும்.

நாளையிலிருந்து வீட்டிலிருந்தே பிளாஸ்கில் தேநீரும் டப்பாவில் எலுமிச்சைச் சோறும் கொண்டுபோகப் போகிறேன். மனைவி சிரிக்கிறாள். சோறு கட்டித் தருகிறேன், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். தடுப்பில் இருக்கிற படத்துக்காரருக்குப் பக்கத்தில்தான் கொஞ்சம் இடம் இருக்கிறது.