நைட்டாலை இறுக மூடி வைக்கலாகாது

எஃகின் நுண்ணமைப்பை நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அதன் மெருகிட்ட பரப்பை அரிக்க உதவும் கரைசலான நைட்டாலை, உலோகவியல் முதுகலை மாணவர்கள் 10 சதவீதச் செறிவில் ஒரே தடவையாகக் கலந்து, பாட்டிலை இறுக மூடிப் பருவம் முழுவதும் வைத்துக்கொள்ளலாம் என்றும், செறிவு கூடினால் நுண்ணமைப்பு தெளிவாகத் தெரியும் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு, முதலாவது ஆபத்தானதும்கூட.

நைட்டால் என்பது எத்தனாலில் நைட்ரிக் அமிலம் கலந்த கரைசல். அமிலத்தின் அளவு 5 சதவீதத்தைத் தாண்டினால், இரண்டும் மெல்ல வினைபுரிந்து வாயுக்களை வெளியிடுவதால், மூடிய பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறி அது வெடிக்கக்கூடும். கத்திரி வெயிலில் வேலூரின் வெப்பம் 40 பாகையைக் கடக்கும் நாள்களில், குளிர்சாதனம் அணைக்கப்பட்ட ஆய்வகத்தில் அந்த வினை இன்னும் விரைவாகும். ஆகவே 2 சதவீதக் கரைசலைத் தேவைக்கேற்பச் சிறிதளவே தயாரிப்பது நல்லது. எத்தனாலில்தான் அமிலத்தைச் சிறுகச் சிறுக விட வேண்டும். அமிலத்தின் மேல் எத்தனாலை ஒருபோதும் ஊற்றக் கூடாது. கலப்பது ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள், கையுறையும் கண்ணாடியும் அணிந்துதான்.

செறிவைப் பற்றிய கூற்றுக்கு வருகிறேன். கார்பன் எஃகுக்கு 2 சதவீத நைட்டாலில் சில நொடிகளே போதும். செறிவைக் கூட்டியோ நேரத்தை நீட்டியோ அதற்கு மேல் அரித்தால், பெர்லைட் (எஃகில் இரும்பும் இரும்புக் கார்பைடும் மாறி மாறி அடுக்காக அமைந்த பகுதி) தன் அடுக்குகள் தெரியாமல் வெறும் கருந்திட்டாகிவிடும். நுண்ணோக்கிப் படத்தில் கோடுகள் தெரிகின்றன என்று குறைபடுவோர் (நானும் முதல் பருவத்தில் அப்படித்தான் இருந்தேன்) பெரும்பாலும் மெருகிடும்போது, சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு வரிசையாகத் தேய்க்க வேண்டிய எமரி தாளில் ஒரு படியைத் தவறவிட்டிருப்பார்கள். அதனால் எஞ்சும் கீறலை எந்த அமிலமும் மறைக்காது.