பின்சீட்டுக்கு ஒரு திரை போட இவ்வளவு பாடா?

கைக்குழந்தையோடு காரில் போகிற பெண் பின்சீட்டில் ஒரு மறைப்பு போட்டுக்கொள்ள இந்த நாட்டில் உருப்படியான வழி ஒன்று உண்டா? சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் குழந்தை பசித்து அழுதால் எங்கே வைத்துப் பால் கொடுப்பது? டோல்கேட்டில் வண்டி நிற்கும்போது இரண்டு பக்கமும் ஆட்கள். பக்கத்து லாரியின் உயரத்திலிருந்து பார்த்தால் என் மடி வரைக்கும் தெரிகிறது. துப்பட்டாவைப் போட்டு மூடினால் மே மாத வெயிலில் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டுகிறது. சொகுசுக்காக நான் திரை கேட்கவில்லை.

சட்டம் தெரியாமலும் பேசவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி, முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு பிலிமைத் தடை செய்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பெண்களுக்கு நடந்த கொடுமைகள் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தடையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அதே தீர்ப்பில் ‘வேறு எந்தப் பொருளும்’ கண்ணாடி மேல் கூடாது என்றும் இருக்கிறது. குழந்தைக்காகக் கொஞ்ச நேரம் மாட்டி எடுக்கிற வலைத்துணி இதில் வருமா வராதா? ரோட்டில் நிற்கிற போலீஸ்காரரைக் கேட்டால் ஆளுக்கொரு பதில். ஒருவர் குழந்தையைப் பார்த்துவிட்டு ‘போங்கம்மா’ என்கிறார். அடுத்த ஊரில் இன்னொருவர் ‘அதைக் கழட்டுங்க, ஃபைன் போடவா?’ என்கிறார்.

கேரளாவில் 2021 ஜனவரியில் ‘ஆபரேஷன் ஸ்கிரீன்’ என்று தனி வேட்டையே நடத்தி கூலிங் பிலிமோடு சேர்த்து கர்ட்டனையும் பிடித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் திருத்தப்பட்ட 100-வது விதி நடைமுறைக்கு வந்தது. அதை வைத்து 2024-இல் கேரள உயர் நீதிமன்றம், வெளிச்சம் அந்த 70, 50 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ளே வந்தால் பிலிம் ஒட்டலாம் என்று சொல்லிவிட்டது. நல்லது. ஆனால் பாதி வெளிச்சத்தை உள்ளே விடும் பிலிமை ஒட்டினால் வெக்கை கொஞ்சம் குறையும், பால் கொடுக்கும்போது மறைப்பாகாது. எனக்கு வேண்டியது மாட்டி, வேலை முடிந்ததும் எடுக்கிற திரை. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இதில் வயிற்றெரிச்சல் எதுவென்றால், அதே கம்பெனியின் அதே காரில் டாப் எண்டு மாடல் வாங்கினால் பின்கதவிலிருந்தே மேலே இழுத்து மாட்டுகிற திரை வருகிறது. விளம்பரத்தில் படம் போட்டுச் சொல்கிறார்கள். அதை யாரும் நிறுத்திக் கேட்டு நான் பார்த்ததில்லை. சில லட்சம் குறைவாகக் கொடுத்து பேஸ் மாடல் வாங்கியவளின் குழந்தைக்குப் பசிக்காதா? திரை மாட்டக் கதவில் இரண்டு கொக்கிக்கு இடம் விட மனமில்லாதவர்கள், நாற்பது டிகிரி அடிக்கிற ஊரில் கூரையில் கண்ணாடி வைத்து சன்ரூஃப் என்று விற்கிறார்கள்.

சரி, வெளியே வாங்கி மாட்டலாம் என்று சென்னையில் கார் சாமான் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுக்க அலைந்தேன். ரப்பர் கப் வைத்து ஒட்டுகிற ரகம், வெயிலில் வண்டி நின்றால் தானாகக் கழன்று விழுகிறது. காந்தம் வைத்த ரகம் கதவுச் சட்டத்தில் இரும்பு வெளியே தெரிந்தால்தான் பிடிக்கும். பிளாஸ்டிக் மூடிய சட்டத்தில் என்ன செய்வது? ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று அட்டையில் போட்டிருந்ததை வாங்கினேன். மூன்று பக்கமும் கையளவு இடைவெளி.

ஒரு கடையில் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. ஜன்னலுக்கு மேலே இருக்கும் டிரிம்மில் ஸ்க்ரூ அடித்துக் கம்பி மாட்டித் தருகிறேன் என்று டிரில்லரோடு வந்துவிட்டார் அந்த ஆள். அதற்குள்தான் கர்ட்டன் ஏர்பேக், அதாவது ஜன்னலை மூடி விரியும் காற்றுப்பை, மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இடித்தால் கண் இமைக்கும் நேரத்தில் அது விரியும். அந்தக் கம்பி குழந்தையின் முகத்துக்குத்தான் பறந்து வரும். கதவுகளுக்கு நடுவே இருக்கும் பில்லரில் ‘ஏர்பேக்’ என்று எழுதியே இருக்கிறது, அதைக் காட்டின பிறகும் ‘எத்தனையோ வண்டிக்குப் போட்டாச்சு மேடம்’ என்கிறார். அவரிடம் திரை போட்டுக்கொண்டு போனவர்களை நினைத்துப் பயந்துதான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து அந்த இடத்தில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

வண்டியை நிறுத்திவிட்டுப் போனாலும் இதே தொல்லை. கோயில் வாசலில் நிறுத்தினால் சீட்டில் இருக்கும் பை, சார்ஜர், சாப்பாட்டுக் கூடை எல்லாம் போகிற வருகிறவர் கண்ணில் படுகிறது. பக்கக் கண்ணாடி ஓங்கி அடித்தால் பொடிப்பொடியாகிவிடும் ரகம். என் தம்பி வண்டியில் அப்படித்தான் பையைத் தூக்கினார்கள். உள்ளே பை இருப்பது தெரியாமல் இருந்திருந்தால் கண்ணாடியாவது தப்பித்திருக்கும்.

ஓட்டுநரின் பார்வையை மறைக்காமல், பின்கதவுகளில் மட்டும், மாட்டி எடுக்கக்கூடிய வலைத்திரை போடலாம் என்று போக்குவரத்துத் துறை எழுத்தில் தரட்டும். வலை எவ்வளவு அடர்த்தி இருக்கலாம் என்பதையும் அவர்களே சொல்லட்டும், அந்தத் தாளை வண்டியிலேயே வைத்துக்கொள்கிறேன். கார் கம்பெனிகள் பேஸ் மாடலிலும் அந்தக் கொக்கிகளை வைத்துத்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு போடட்டும்.