நெல்சன் கண்ணில் கறுப்புப் பட்டை கட்டியிருந்தாரா?

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஹொரேஷியோ நெல்சன், கடற்கொள்ளையர் போல ஒற்றைக் கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய படம் பரவுகிறது. ‘போரில் கண்ணையே இழந்தார்’ என்ற வரியும் கூடவே வருகிறது. இரண்டுமே தவறு.

1794 ஜூலை 12 அன்று, கோர்சிகா தீவின் கால்வி முற்றுகையில் எதிரியின் குண்டு மணல்மூட்டைத் தடுப்பில் மோதியது. தெறித்த மணலும் கல்துகளும் அவர் வலது கண்ணைத் தாக்கின. விழி அப்படியே இருந்தது, பார்வைதான் போனது. வெளிச்சமும் இருட்டும் மட்டும் பிரித்தறிய முடிந்தது. மூடி மறைக்கும்படி அங்கே எதுவும் இல்லை.

அவர் காக்க நினைத்தது நல்ல கண்ணை, அதாவது இடது கண்ணை. கடல்நீரில் பட்டுத் திரும்பும் வெயில் கூசாமலிருக்கத் தொப்பியின் முன்புறம் பச்சை நிற மறைப்பு ஒன்றைப் பொருத்திக்கொண்டார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்திலுள்ள அவரது மெழுகு உருவத்தின் தொப்பியில் அதைப் பார்க்கலாம்.

உருவப்படங்களைக் கவனியுங்கள். 1797இல் டெனரீஃப் தீவில் நடந்த சண்டையில் வலது கையை இழந்த பின், ஓவியர்கள் வெற்றுச் சட்டைக் கையை மறைக்காமல் மார்போடு சேர்த்துக் குத்தியே வரைந்தார்கள். கண்பட்டை இருந்திருந்தால் அதை மட்டும் விட்டிருப்பார்களா? டிரஃபால்கர் சதுக்கச் சிலையிலும் பட்டை கிடையாது.