கட்டுமரம்: சொல் நம்முடையது, இரட்டைப் படகு வேறு

டச்சுப் படையைத் திருவிதாங்கூர் வென்றதன் நினைவாக நிற்கும் குளச்சல் வெற்றித் தூணைப் பார்க்கப் போன அண்ணன் போட்ட படங்களுக்குக் கீழே, இன்றைய இரட்டை உடல் கேட்டமரன் படகை உருவாக்கியது நம் மீனவர்கள்தான் என்று ஒரு செய்தியைப் பலரும் பகிர்கிறார்கள். சரி, சொல் நம்முடையதுதான். வடிவம் நம்முடையது அல்ல.

கட்டுமரத்துக்குக் குழிவான உடலே கிடையாது. எடை குறைந்த மரத்தடிகளைச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்து, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அலை மேலே ஏறினாலும் தடிகளுக்கு இடையே தண்ணீர் வடிந்துவிடும், அதனால்தான் அது நிறைந்து மூழ்குவதில்லை. என் தாத்தா கரை சேர்ந்ததும் மீனைக்கூட அப்புறம்தான் பார்ப்பார், முதலில் கயிற்றை அவிழ்த்துத் தடிகளை மணலில் காயப் போடுவார், ஈரம் ஊறினால் கனத்துவிடும் என்று. எவ்வளவு நுட்பமான அறிவு அது!

இரண்டு படகுகளை இணைத்து மேலே தளம் போடுவது பசிபிக் தீவுக் கடலோடிகளின் முறை. ஆங்கிலத்தில் நம் பெயர் பிற்பாடு அதற்கு ஒட்டிக்கொண்டது. 1697இல் வெளியான ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியரின் பயணக் குறிப்பில், சோழமண்டலக் கரையின் கேட்டமரன் என்பது வெறும் மரத்தடிகள்தான்.

யாரும் சரிபார்க்கலாம். நல்ல ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினால் தமிழ் வேரும் 'கட்டிய மரம்' என்ற பொருளும் இருக்கும். தூணைப் பார்த்த கையோடு கடற்கரைக்கும் நடந்து பாருங்கள். இப்போது ஃபைபர் படகுகள்தான் அதிகம், ஆனாலும் ஒரு கட்டுமரம் கண்ணில் பட்டால் தடிகள் ஒட்டி நிற்பதையும் கயிற்றால் கட்டியிருப்பதையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.