டேங்கில் இருப்பதைச் சொன்னால் போதும்

பெங்களூருவில் ஒரு சின்ன மைக்ரோப்ரூவரியில், அதாவது பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற இடத்தில், நான் பங்குதாரர். பீர் காய்ச்சுவது என் வேலையில்லை, அதற்கு ப்ரூவர் இருக்கிறார். என் தலையில் விழுந்திருப்பது கணக்கு, கலால் துறைக் காகிதங்கள், அப்புறம் 'செய்தி'. வாசல் கரும்பலகையில் என்ன எழுதுவது, வழக்கமாக வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் என்ன அனுப்புவது, இன்ஸ்டாகிராமில் எதைப் போடுவது என்பதெல்லாம் அதில் அடக்கம். இந்தக் கடைசி வேலையைப் பற்றி ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் செய்தி என்ற பெயரில் வெளிவருவதில் பெரும்பகுதி செய்தியே இல்லை. குடிக்க வருகிறவருக்குத் தெரிய வேண்டியது நாலே விஷயம்: என்ன வகை, எவ்வளவு ஆல்கஹால், எப்போது தயாரானது, இன்னும் எவ்வளவு மிச்சம். எந்த ப்ரூவரியின் பக்கத்தைத் திறந்தாலும் இந்த நாலும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். டிஜே பெயர் இருக்கும். நுரை பொங்கும் கண்ணாடிக் குவளையின் படம் இருக்கும், அதுவும் பாதி நேரம் வேறு எங்கோ எடுத்த படம். 'பேரார்வத்தோடு வடித்தது' என்று ஒரு வரி இருக்கும். பேரார்வம் எந்தத் தேதியில் டேங்கிலிருந்து வந்தது என்று மட்டும் இருக்காது.

தேதிக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், பீர் கெடாது என்கிற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. விஸ்கி பழசானால் விலை ஏறுகிறது, அதே கணக்கை பீருக்கும் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான பீருக்கு நிலைமை நேர்மாறு. பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவின் வாசனை சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கும். கொஞ்சம் ஆக்சிஜன் உள்ளே போனால் போதும், நாளாக ஆக நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். பச்சை பாட்டிலில் வெயில் பட்டால் வேறொரு நாற்றம். பாஸ்சுரைஸ் செய்தால் கிருமிதான் சாகும், பழசாவது நிற்காது. கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மாதிரி ஒரு மணம் வருமே, அது எசன்ஸ் ஊற்றி வருவதில்லை (எசன்ஸ்தானே என்று கேட்காத வாரமே கிடையாது). ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாக்குகிற மணம் அது. வாழைப்பழத்தில் இருக்கிற அதே ஐசோஅமைல் அசிட்டேட் என்ற வேதிப்பொருள்தான் இங்கேயும் இருக்கிறது. அந்த மணத்துக்கு ஆயுசு குறைவு. மீன்காரரிடம் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்கிறவர்கள்கூட, பீர் எப்போது தயாரானது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காததால் நாங்களும் சொல்வதில்லை.

சின்ன ப்ரூவரிக்கு இருக்கிற ஒரே பெரிய பலம் இந்த இடத்தில்தான். 2009-இல் புனேயில் டூலாலி, 2010-இல் இங்கே இந்திராநகரில் டாய்ட் என்று ஆரம்பித்த அலையில் வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். உரிமம் உணவகத்தோடு ஒட்டியது. காய்ச்சிய இடத்திலேயே குழாயிலிருந்து ஊற்றிக் கொடுக்கிறோம். டேங்குக்கும் மேஜைக்கும் நடுவில் லாரி இல்லை, கிடங்கு இல்லை, வெயில் இல்லை. பெரிய கம்பெனி எவ்வளவு பணம் கொட்டினாலும் வாங்க முடியாத வசதி இது. இதைச் சொல்லாமல் டிஜே பெயரை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டில் இதைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ப்ரூவரி, 'பிளினி தி எல்டர்' என்ற தன் பீர் பாட்டிலைச் சுற்றி, இதை எடுத்து வைக்காதே, சீக்கிரம் குடி என்று விதவிதமாக அச்சடித்திருக்கும். பிளினி சரித்திரத்தில் வாழ்ந்த ஆள், உள்ளே இருக்கிற பீரையும் சரித்திரமாக்கிவிடாதே என்று ஒரு கிண்டலும் உண்டு. அதே மாநிலத்தின் ஸ்டோன் ப்ரூவிங் 2012-இல் ஒரு படி மேலே போய், எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டுமோ அந்தத் தேதியையே பீருக்குப் பெயராக வைத்தது. காய்ச்சி அடைத்ததிலிருந்து ஐந்து வாரம் சொச்சம்தான் கெடு. கடைக்காரருக்கு வயிற்றெரிச்சல், குடிக்கிறவருக்குத் தெளிவு. (அந்த ஸ்டோனை 2022-இல் ஜப்பான் பீர் கம்பெனியான சப்போரோ வாங்கிவிட்டது. அது வேறு கதை.) பட்வைசர்கூட 1996-இல் 'பிறந்த தேதி' என்று பாட்டிலில் போட்டு அதையே பெரிய விளம்பரமாக்கியது. அவ்வளவு பெரிய ஆலைக்கே தேதி உதவியிருக்கிறது என்றால், பத்தடி தள்ளி டேங்க் வைத்திருக்கிற எங்களுக்கு என்ன கேடு?

"அங்கே விளம்பரம் செய்யலாம், இங்கே முடியுமா" என்று உடனே கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மது விளம்பரத்துக்கு இங்கே தடை இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே அது உண்டு. தடையில் எனக்குப் புகார் இல்லை. சின்னப் பையன்கள் கிரிக்கெட் பார்க்கும் நேரத்தில் பீர் பாட்டில் ஆட வேண்டாம் என்பது சரிதான். ஆனால் அந்தத் தடை யார் மேல் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். பெரிய கம்பெனி தன் மதுவின் பெயரிலேயே தண்ணீர் பாட்டில் விற்கும், சோடா விற்கும், காலண்டர் அடிக்கும், அதே பெயரில் விமானம் விட்டதையும் பார்த்தோம். 2008-இல் ஐபிஎல் தொடங்கியபோது எங்கள் ஊர் அணிக்கு வந்த பெயர் ஒரு விஸ்கியின் பெயரிலிருந்து வந்ததுதான். அந்தப் பெயரைக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். ஆக, பெயரைப் பரப்புவதற்கு ஆயிரம் சந்து இருக்கிறது. எங்கள் மாதிரி ஆட்கள் தண்ணீர் பாட்டில் போட முடியாது, அணி வாங்க முடியாது. எங்களிடம் இருப்பது தகவல் மட்டும்தான். "இன்றைக்குக் குழாயில் இருப்பது இது, இத்தனை சதவீதம், இந்தத் தேதியில் தயாரானது" என்பது விலைப்பட்டியல் மாதிரியான ஒன்று. அதற்கும் "வாருங்கள், குடியுங்கள், கொண்டாடுங்கள்" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது என் கட்சி. அந்தக் கோட்டை முதலில் அழித்தவர்கள் எங்கள் ஆட்களேதான். தகவலைக் கைவிட்டுக் கொண்டாட்டத்தைப் பிடித்துக்கொண்டோம். பிறகு யாராவது புகார் செய்தால் "நாங்கள் தகவல்தான் சொன்னோம்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

அடுத்தது கெட்ட செய்தி. இதில்தான் எனக்கும் என் கூட்டாளிக்கும் சண்டை வந்தது.

ஒருமுறை லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்க விடுகிற பீர் வகை) ஒரு பேட்ச், அதாவது ஒரு தடவை காய்ச்சியது, வெண்ணெய் வாடையோடு வந்தது. டையசெட்டைல் என்பார்கள், உடம்புக்கு ஒன்றும் செய்யாது, குடித்தால் பாப்கார்னை நக்கிய மாதிரி இருக்கும். ப்ரூவர் அதைக் கொட்டச் சொன்னார், கொட்டினோம். பலகையில் என்ன எழுதுவது? கூட்டாளி 'சோல்ட் அவுட்' என்று எழுதச் சொன்னார். எங்கள் தொழிலின் மரியாதையான பொய் அது. தீர்ந்துவிட்டது என்றால் நல்லா ஓடுகிறது என்றுதானே அர்த்தம்! நான் "லாகர் இல்லை. வந்த பேட்ச் எங்களுக்கே பிடிக்கவில்லை, கொட்டிவிட்டோம். அடுத்ததற்கு ஐந்தாறு வாரம் ஆகும்" என்று எழுதினேன். பலன் என்னவென்றால், யாரோ அதைப் படமெடுத்து, "இந்த இடத்துக்குப் போகாதீங்க, பீர் கெட்டுப்போச்சாம்" என்று ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அந்த வார இறுதி மேஜைகள் காலியாகத்தான் கிடந்தன. கூட்டாளி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். சொல்லட்டும். மறுபடி அப்படி ஒரு பேட்ச் வந்தால் அதையேதான் எழுதுவேன்.

கெட்ட செய்தியைச் சொல்லிப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். சியரா நெவாடா 1980-இல் கலிபோர்னியாவின் சிகோவில் காய்ச்ச ஆரம்பித்தபோது, பேல் ஏல் பீர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும்வரை முதல் பேட்ச்களைக் கொட்டியிருக்கிறார்கள். பணம் இல்லாத காலத்தில் அதைச் செய்தார்கள் என்பதுதான் விசேஷம். அதே கம்பெனி 2017 ஜனவரியில், வடக்கு கரோலினாவில் நிரப்பிய பாட்டில்களின் வாயில் கண்ணாடிச் சில்லு பெயர வாய்ப்பிருக்கிறது என்று தானே அறிவித்து 36 மாநிலங்களிலிருந்து திரும்ப எடுத்தது. அவர்கள் கணக்கிலேயே பத்தாயிரத்தில் ஒரு பாட்டிலுக்குத்தான் அந்தச் சிக்கல். சிகாகோவின் கூஸ் ஐலண்ட், 2015-இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற பர்பன் கவுண்டி வரிசையில் சில பீர்களில் லாக்டோபேசில்லஸ் என்ற, பீரைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா புகுந்துவிட்டது என்று அடுத்த வருடம் ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2011-இலேயே அதை பட்வைசர் காய்ச்சுகிற ஆன்ஹைசர்-புஷ் வாங்கியிருந்ததால் திருப்பிக் கொடுக்கப் பணம் இருந்தது என்று நீங்கள் சொல்லலாம், நானும் சொல்வேன். எங்களால் பணம் திருப்பித் தர முடியாமல் போகலாம். பலகையில் நாலு வரி எழுதச் சாக்பீஸ் போதும்.

இன்னொரு நோய், வாரம் ஒரு புது பீர். போன வாரம் நெல்லிக்காய், இந்த வாரம் ஃபில்டர் காபி, அடுத்த வாரம் என்னவோ. சில சமயம் இது உண்மையான செய்தி. மாம்பழ சீசனில் மாம்பழ பீர் வந்தால் அதை வரவேற்கிறேன், பழம் கிடைக்கிற காலம் அது. மற்ற நேரத்தில் போடுவதற்குப் பதிவு வேண்டுமே என்பதற்காக பீர் காய்ச்சுகிறோம். வால் நாயை ஆட்டுகிற கதை என்று எங்கள் ப்ரூவரே புலம்புவார். ஒரு நல்ல ஏல் பீருக்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும், லாகருக்கு அதைவிட இரண்டு மடங்கு. இருப்பதோ சில டேங்குகள். அதில் ஒன்றைச் சும்மா வேடிக்கைக்குக் கொடுத்தால், எல்லோரும் கேட்கிற கோதுமை பீருக்கு இடம் இருக்காது.

சான்ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரி 1975-இலிருந்து வருடத்துக்கு ஒரே ஒரு கிறிஸ்துமஸ் பீர் போட்டது. ஒவ்வொரு வருடமும் செய்முறை மாறும், லேபிளில் ஒரு புது மரம் வரைந்திருப்பார்கள். வருடத்தில் ஒரு செய்தி, அவ்வளவுதான். அதற்காக ஆட்கள் காத்திருந்தார்கள். 2017-இல் சப்போரோ வாங்கியது, 2023 கோடையில் கிறிஸ்துமஸ் பீர் இனிமேல் இல்லை என்று அறிவித்தார்கள், அடுத்த மாதமே ஆலையை மூடுகிற அறிவிப்பும் வந்தது. மறு வருடம் தயிர் வியாபாரத்தில் பெரிய ஆளான ஹம்தி உலுக்காயா அதை வாங்கினார்.

பீர் காய்ச்சுகிற பெல்ஜியத்தின் வெஸ்ட்விளெட்டரன் மடத்துத் துறவிகள் இன்னொரு எல்லை. பாட்டிலில் பல காலம் லேபிளே கிடையாது. தெரிய வேண்டியது மூடியில் இருக்கும். 2005-இல் உலகின் சிறந்த பீர் என்று இணையத்தில் பட்டம் கிடைத்து வாசலில் கார்கள் வரிசை கட்டியபோதும் உற்பத்தியைக் கூட்ட மறுத்துவிட்டார்கள். முன்பதிவு செய்யப் போனால் கார் எண்ணைக் கேட்பார்கள். எனக்கு அவ்வளவு துறவு மனப்பான்மை இல்லை, வங்கிக் கடன் இருக்கிறது. ஆனால் பேசாமலே இவ்வளவு நம்பிக்கை சம்பாதிக்க முடியும் என்றால், நாங்கள் தினமும் பேசுவதில் எவ்வளவு வீண் என்று தோன்றுகிறது.

சனிக்கிழமை ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து நம் ஆட்கள் நிறைய வருவார்கள். தமிழ்நாட்டில் மைக்ரோப்ரூவரி கிடையாது. 2003-இலிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். கடையில் என்ன வந்ததோ அதை வாங்கிப் பழகியவர்கள், உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, இது ஸ்ட்ராங்கா?" முன்பு இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை. அவர்களுக்கு இதுவரை யாரும் வேறு தகவல் எதுவும் கொடுத்ததில்லை. பலகையில் தேதி எழுத ஆரம்பித்த பிறகு, அவர்களில் சிலர் "இதைவிடப் புதுசு எதுண்ணா?" என்று கேட்கிறார்கள். எந்த இன்ஸ்டாகிராம் பதிவும் எனக்கு அந்தக் கேள்வியைச் சம்பாதித்துக் கொடுத்ததில்லை. போன வருடம் ஒரு மார்க்கெட்டிங் ஏஜென்சிப் பையன் வந்து, "சார், தேதி எல்லாம் போரிங், கதை சொல்லணும்" என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தான். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கீழே வந்து "சாராயத்துக்கு விளம்பரமா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: எங்கள் இடத்தின் பெயரை எங்கேயும் எழுதவில்லை, இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்லப்போவதில்லை. சட்டம் ஒரு காரணம். இன்னொன்று, இந்த வாரம் எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கோதுமை பீர்தான், அதுவும் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது.