பச்சை ஊருணிக்கு ஜேசிபி மருந்தாகாது

காரைக்குடி வட்டாரத்தில் ஓர் ஊருணி பச்சைப் பசேலென்று மாறினால் நம்மவர்கள் செய்யும் வைத்தியம் ஒன்றுதான். ஜேசிபியைக் கொண்டுவந்து ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் குவிப்பார்கள். சுற்றிலும் நடைபாதை போட்டுப் படமும் எடுத்துக்கொள்வார்கள். குவித்தது அங்கேயே அழுகி, அடுத்த மழையில் அதன் சத்தெல்லாம் மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கும். காசு கொடுத்து ஊருணிக்கு உரம் போடுகிறோம்!

நோய், சத்து மிகுந்துபோனது. வயலில் தேவைக்கு மேல் கொட்டிய டிஏபியும் யூரியாவும், கழிவறைத் தொட்டி வழிசலும், சாக்கடையும் கொண்டுவரும் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரண்டும் ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் விருந்து. 1973-இல் கனடாவின் ஒண்டாரியோவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226ஆம் எண் ஏரியை நடுவே திரை கட்டிப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் தழைச்சத்தும். மறுபாதியில் அவற்றோடு மணிச்சத்தும் சேர்த்தார்கள். மணிச்சத்து விழுந்த பாதியில்தான் பாசி மண்டியது.

பகலில் ஆக்சிஜன் விடும் பாசி இரவில் அதையே உறிஞ்சுகிறது. செத்த பாசியை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மிச்சத்தையும் தீர்த்துவிடுகின்றன. விடியற்காலையில் ஜிலேபிக் கெண்டைகள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளப்பது அதனால்தான். உடனே, "எவனோ மருந்தைக் கலந்துவிட்டான்" என்று ஊரே ஆளைத் தேடும். நீலப்பச்சைப் பாசியில் சில வகை நஞ்சையும் கக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று அறிவித்தது இந்த நஞ்சுக்காகத்தான்.

முன்பெல்லாம் செட்டிநாட்டில் குடிக்கிற ஊருணிக்குள் குளிப்பதற்கு யாரும் இறங்கக் கூடாது. குளிக்க வேறு ஊருணி இருந்தது. கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் படிந்த கரம்பை மண்ணை வண்டி கட்டி வயலுக்கு அடித்தார்கள். மழை அரித்துக் கொண்டுவந்த சத்து நிலத்துக்கே திரும்பியது. (பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை, இந்தக் கணக்கு மட்டும் சரியாக இருந்தது.) இப்போது உரம் மூட்டையில் வருகிறது, கரம்பை கண்மாயிலேயே கிடக்கிறது. வரத்துக்காலில் வீடு கட்டியாயிற்று. மழைத்தண்ணீருக்கு வழியில்லை, சாக்கடைக்கு மட்டும் குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறோம். வரத்து இல்லாததால், மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கும் பாய்வதில்லை. உள்ளே வந்த சத்துக்கு வெளியேற வழியே கிடையாது.

அக்டோபர் 2 கிராமசபையில் ஊருணிக்கு நடைபாதை, வண்ண விளக்கு என்று தீர்மானம் வந்தால், கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அந்தச் சாக்கடைக் குழாயை எப்போது அடைப்பீர்கள்? அள்ளிய தாமரையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?